நனைத்து மழிக்கும் பழக்கம்: வந்துபோகும் மோகமா, நிலைத்த வழக்கமா?

கோடியக்கரையிலிருந்து பக்கவாதத்துடன் அழைத்துவரப்பட்ட பெரியவர் ஒருவரின் கட்டிலருகே அண்மையில் ஒரு சிறு உரையாடல் நிகழ்ந்தது. வெளியூரில் பணிபுரியும் மகன் தந்தையைக் காண வந்தபோது அழகிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கனத்த உலோகப் பிடியுள்ள ரேசர், மயிர்க் குச்சம் கட்டிய பிரஷ், மரக் கிண்ணத்தில் வட்டச் சோப்பு ஆகியவை அதில் இருந்தன. நகரத்து இளைஞர்களிடையே இப்போது இதுவே புதுப் பாணி என்று அவர் விளக்கினார். நாக்குழறலையும் மீறிப் பெரியவர் சிரித்துவிட்டார். "இதைத்தானடா நான் நாப்பது வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மகன் செவிலியரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தப் பழைய முறைச் சவரம் சில நாளில் மறையும் மோகமா, நிலைக்கும் பழக்கமா என்பது ஒன்று. அப்பாவுக்கு இதைக்கொண்டு நானே சவரம் செய்துவிடலாமா என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்விக்கு உடனே விடை கிடைத்தது: "இப்போது வேண்டாம், ஐயா." முதல் கேள்விக்கு விடை சொல்லச் சற்று இடம் தேவை. அந்த விடையின் உள்ளேதான் இரண்டாவதற்கான காரணமும் இருக்கிறது.

மோகம் என்று சொல்லப்படுவது மேலைநாட்டு வரலாற்றைச் சார்ந்தது. மாற்றக்கூடிய மெல்லிய பிளேடு பொருத்திய ரேசரை அமெரிக்கரான கிங் ஜில்லட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1904இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1971இல் இரண்டு அலகுகளை ஒரே உறையில் அடைத்த வகை வந்தது. பின்னர் அலகுகள் மூன்றாகி, ஐந்தாகி, விலையும் ஏறியது. அந்த ஓட்டத்தில் சலித்தவர்கள் பழைய ஒற்றைப் பிளேடுக்குத் திரும்பியதையே அங்கே மறுமலர்ச்சி என்கிறார்கள். நம் ஊர்களில் மறுமலர்ச்சிக்கு இடமில்லை. இங்கே அது மறையவே இல்லை. வேதாரண்யம் கடைத்தெருவில் இருபுறக் கூர்மையுள்ள பிளேடு பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 2010இல் அதே ஜில்லட் நிறுவனம் இந்தியாவுக்கென்றே 15 ரூபாய்க்கு ஒரு ரேசரையும் 5 ரூபாய்க்கு மாற்று அலகையும் கொண்டுவந்தது. அதில் இருந்ததும் ஒரே ஓர் அலகுதான்.

இங்கே சவரம் என்பது நெடுங்காலம் தானே செய்துகொள்ளும் வேலையாக இருக்கவில்லை. காவிரிப் படுகையின் சிற்றூர்களில் நாவிதர் அடைப்பத்தோடு வீடு தேடி வருவார். அல்லது குளக்கரை மரத்தடியில் அவர்முன் சம்மணமிட்டு அமர வேண்டும். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்படும். அவரையே 'மருத்துவர்' என்றும், அவர் வீட்டுப் பெண்ணை 'மருத்துவச்சி' என்றும் ஊர் அழைத்தது. கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தவர் அவர். பிள்ளைப்பேறு பார்த்தவர் அந்த அம்மாள். இந்த இணைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். மருத்துவமனையின் இதழ் சவரக் கத்தியைப் பற்றிப் பேசுவதில் ஒருவகை உறவுமுறையும் உண்டு. அந்த உறவை ஊர் எவ்வளவு மதித்தது, எவ்வளவு இழிவுபடுத்தியது என்பது தனிக் கதை.

சவரம் எவ்வளவு தவிர்க்க முடியாத தேவையாக இருந்தது என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்பவர்கள் அந்த நினைவிடத்தைக் கடந்துதான் போகிறார்கள். அந்த நாள்களில் வைரப்பன் என்னும் சவரத் தொழிலாளி ஒருவர், தம்முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோதும் மீதியை மழிக்க மறுத்துச் சிறை சென்றார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. வேண்டுமானால் செய்துகொள்ளலாம் என்ற நிலையில் உள்ள ஒன்றை மறுத்து எவரையும் பணியவைக்க முடியாது. தொண்டையருகே கத்தியோடு நிற்பவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையையும் அந்தப் பாதிச் சவரம் நினைவூட்டுகிறது.

நம்பிக்கை நிலைத்தது, கத்தி மாறியது. சாணைக்கல்லிலும் தோல் வாரிலும் தீட்டிய ஒரே கத்தி ஊர் முழுவதன் முகத்தையும் சுற்றிவந்த காலம் ஒன்று இருந்தது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. அதன்பின் பரவிய விழிப்புணர்வு, வேறு எந்த நோயும் செய்யாத ஒன்றைச் செய்தது: வாடிக்கையாளர் தாமே வாய்திறந்து, "புது பிளேடு போடுங்க" என்று கேட்கத் தொடங்கினார். இன்று முடிதிருத்துநர் கையில் இருப்பது பார்வைக்குப் பழைய கத்தி. உள்ளே செருகப்படுவது பாதியாக உடைத்த புதுப் பிளேடு. ஒரு பழக்கம் எப்படி நிலைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆபத்தான உறுப்பை அது உதிர்த்துவிட்டு, பயனுள்ள உறுப்பை வைத்துக்கொண்டது.

பயனுள்ள உறுப்பு எது? தண்ணீர்தான். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அப்புரதத்தின் உள்பிணைப்புகள் தளர்ந்து, முடி நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகிறது. அப்போது அதை வெட்ட மிகக் குறைந்த விசை போதும். பிளேடை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தாவிட்டால் தோல் கீறப்படுவதில்லை. சோப்பு நுரையின் முதன்மையான வேலை அந்த ஈரத்தைக் காற்றில் உலரவிடாமல் பிடித்துவைப்பதும் அலகு வழுக்கிச் செல்ல வழிவிடுவதுமே ஆகும். ஆகவே குளித்த உடனே சவரம் செய்வது சிறந்தது. விலையுயர்ந்த நுரையைவிட இரண்டு நிமிடப் பொறுமை மேலானது.

கடலோர வாசகர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. கோடியக்கரை, கோடியக்காடு, வேதாரண்யம் பகுதிகளில் பல வீடுகளின் நிலத்தடி நீர் உவர்ப்பானது. நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத வெண்திரையாகப் படிந்துவிடும், நுரை எழாது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் சோப்பைத் தேய்ப்பவர்களின் முகம் வறண்டு எரிவதைக் காண்கிறோம். சவரத்துக்கு மட்டும் ஒரு செம்பு குடிநீரையோ மழைநீரையோ சுடவைத்துப் பயன்படுத்துங்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் காலையில் சவரம் செய்துகொண்டு உடனே பாத்திக்குச் செல்வதைவிட, மாலையில் திரும்பிக் குளித்தபின் செய்துகொள்வது நல்லது. புதுக் கீறலில் உப்புப் படும் வேதனையை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒற்றைப் பிளேடுக்குத் திரும்புவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல அலகு ரேசரில் முதல் அலகு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது அதைத் தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. சுருள்முடி உள்ளவர்களுக்கு அப்படி வெட்டுப்பட்ட முனை வளைந்து தோலுக்குள்ளேயே வளரும். தாடையின் கீழும் கழுத்திலும் பருக்கள்போல் எழும் கருமையான முடிச்சுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். அத்தகையோர் ஒற்றை அலகால், முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல் மழித்தால் தொல்லை குறையும். அப்போதும் குறையாவிட்டால் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டாமல் விடுவதே மருந்து.

பிளேடை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று கேட்கிறீர்கள். எஃகைவிட முடி ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குவது ஏன் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அலகு தேய்வதைவிட, வளையும் முடி மோதும் இடங்களில் அதன் விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பிளேடும் நுண்ணோக்கியில் பல் உடைந்த அரிவாளாக இருக்கலாம். முடியை இழுப்பதாக உணர்ந்த அன்றே அதை மாற்றுங்கள். மூன்று ரூபாயோ ஐந்து ரூபாயோ, அதில் சிக்கனம் வேண்டாம்.

இனி மருத்துவமனை சொல்லியே ஆக வேண்டிய பகுதி. ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றொருவர் பயன்படுத்தக் கூடாது என்றதும் பலரும் எச்.ஐ.வி.யையே நினைக்கிறார்கள். அந்த நுண்ணுயிர் உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழந்துவிடும். ஆகவே சவரத்தால் அது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. உண்மையில் அஞ்ச வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. அது உலர்ந்த இரத்தக் கறையில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். ஹெபடைட்டிஸ் சி-யும் இதே வழியில் பரவக்கூடும். இவை அசுத்தக் குடிநீரால் வந்து சில வாரங்களில் தணியும் மஞ்சள் காமாலை அல்ல. பல்லாண்டு அமைதியாக இருந்து கல்லீரலைச் சுருக்கிவிடும் நோய்கள். பிளேடை டெட்டால் கலந்த நீரில் முக்கி எடுப்பதால் இந்தக் கிருமிகள் ஒழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அண்ணன் தம்பி, தந்தை மகன் என்ற உறவும் இதில் கணக்கில் வராது. ஒரே வீட்டில் ஒரே ரேசர் வைத்திருப்பவர்கள் இன்றே அதை நிறுத்துங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு அந்நோய் இருப்பது தெரிந்தால் மற்றவர்கள் பரிசோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 

சலூனில் பிளேடை மாற்றுவதைக் கவனிக்கும் நாம் படிகாரத்தைக் கவனிப்பதில்லை. சிறு கீறலின் புரதத்தை உறையச் செய்து இரத்தத்தை நிறுத்தும் நல்ல பொருள் அது. ஆனால் ஒருவர் கீறலில் தேய்த்த அதே கட்டி அடுத்தவர் கீறலிலும் தேய்க்கப்படுகிறது. மளிகைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு துண்டை நீங்களே கையோடு கொண்டுசெல்லலாம். முடிதிருத்துநர் தவறாக நினைக்க மாட்டார். கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ குழந்தைக்கு மொட்டை போடும்போதும், உறையிலிருந்து பிரித்த புதுப் பிளேடு செருகப்படுவதைப் பார்த்த பிறகே குழந்தையை மடியில் அமர்த்துங்கள். (முடி அடர்த்தியாக வளரும் என்று மீண்டும் மீண்டும் மழிக்க வேண்டியதில்லை. மழிப்பதால் முடி தடிப்பதில்லை என்பது 1928இலேயே அளந்து காட்டப்பட்டது.) சவரம் முடிந்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதை மட்டும் யாரிடமும் ஏற்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

பிரஷ் பற்றியும் ஒரு சொல். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய தொற்று, புதிய சவர பிரஷ்களால் வந்தது. சரிவரத் தூய்மைப்படுத்தாத குதிரைமயிர் அவற்றில் கட்டப்பட்டிருந்தது. பழைய முறைச் சவரம் மீண்டும் பரவிவரும் வேளையில், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் இதழ் 2017இல் இந்த வரலாற்றை எடுத்து நினைவூட்டியது. அச்சம் வேண்டாம், இன்று விற்கும் புது பிரஷ்களில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. பழம்பொருள் என்று வாங்கிய விலங்குமயிர் பிரஷ்ஷைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கன்னத்தில் தேய்க்காதீர்கள் என்பதே அதன் சாரம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் பிரஷ்ஷை விட்டு விரலாலேயே நுரை பூசிக்கொள்ளலாம்.

அடுத்து, பிளேடையே தள்ளிவைக்க வேண்டியவர்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் உண்பவர்களுக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். அவர்களுக்கு மின் ட்ரிம்மரே ஏற்றது. கோடியக்கரைப் பெரியவருக்குச் செவிலியர் வேண்டாம் என்றது இதனால்தான். கீமோதெரபியால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் இதே விதி. முகத்திலோ கழுத்திலோ கதிர்வீச்சு பெறுபவர்கள் அந்த இடத்தில் பிளேடும் சோப்பும் படாமல் காக்க வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முடிக்கால்களில் சீழ்க்கட்டி எளிதில் வரும். கட்டி இருக்கும் இடத்தையும், மரு இருக்கும் இடத்தையும் மழித்தால் கிருமி முகமெங்கும் விதைக்கப்படும். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள கட்டியைக் கிள்ளவோ கீறவோ கூடாது; காய்ச்சலோ கண்வீக்கமோ சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். முதல்நாள் இரவே வீட்டில் வயிற்றையோ காலையோ சுத்தமாக மழித்து அழைத்துவருவது மருத்துவமனைக்குச் செய்யும் உதவி என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவமனைகளே அப்படித்தான் செய்தன. ஆனால் பிளேடு தோலில் விடும் நுண்கீறல்களில் இரவோடிரவாகக் கிருமிகள் பெருகி, அறுவைப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. முடியை நீக்காமலே விடலாம். நீக்கியே ஆக வேண்டுமெனில் கிளிப்பரால் மட்டும் வெட்ட வேண்டும். மழித்தல் எந்நிலையிலும் வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மழிக்காமல் வாருங்கள். தேவையானதை நாங்கள் செய்துகொள்வோம்.

படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு வீட்டில் சவரம் செய்துவிடும் மகன்களும் மனைவியரும் மகள்களும் பலர். மருத்துவர் பிளேடுக்குத் தடை சொல்லவில்லை என்றால், தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, பகல் வெளிச்சத்தில், மார்பில் துண்டு விரித்துத் தொடங்குங்கள். பல்செட் உள்ளவருக்கு அதைப் பொருத்தியே வைத்திருங்கள். கன்னம் குழிந்திருந்தால் வெட்டுப்படும். பக்கவாதத்தில் உணர்விழந்த பக்கத்தில் கீறல் பட்டாலும் அவர் சொல்லமாட்டார். அதனால் அந்தப் பக்கத்தை முடித்தபின் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். மூக்கில் குழாய் இருந்தால் அதன் பட்டியைத் தொடாமல் ஒதுங்கிச் செல்லுங்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது அருகில் மின் ரேசரோ சாராயம் கலந்த ஆஃப்டர் ஷேவ் திரவமோ கூடாது, தீப்பற்றும். அப்போது என்ன செய்யலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். நோயாளிக்கு ஒரு கையாவது இயங்கினால் பிரஷ்ஷை அவரிடமே கொடுங்கள். நுரை பூசுவதில் அவர் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். முடி ஊறுவதற்கும் அந்த நேரம் வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு, கண்ணாடியைக் காட்டிவிட்டுத் தொடங்கினால் முரண்டு குறைகிறது. அவரது கை அந்த அசைவை இன்னும் மறந்திருக்காது.

பயன்படுத்திய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். அதைத் திறப்பது உங்கள் கை அல்ல, தூய்மைப் பணியாளரின் கை. மூடியில் கீறல் விட்ட பழைய தகர டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, 'பிளேடு' என்று எழுதித் தனியே கொடுங்கள். மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது செவிலியரிடம் ஒப்படைத்தால் கூர்பொருள் பெட்டியில் போட்டுவிடுவார்.

அந்தப் பெரியவருக்கு அன்று மகன் ட்ரிம்மரால் தாடியைச் சீர்செய்தார். அழகிய ரேசர், மருத்துவர் மாத்திரையை நிறுத்தும் நாள்வரை, மாத்திரை தொடர்ந்தால் அதற்குப் பின்னும், பெட்டியிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் வெந்நீரில் பிழிந்த துணியால் முகத்தைத் துடைக்கச் சொன்ன பெரியவர், படிகாரம் எங்கே என்று கேட்டார். கீறலே இல்லையே அப்பா என்றார் மகன். இருந்தாலும் தடவு என்றார் அவர். அதற்கு மருத்துவத்தில் தடை ஏதும் இல்லை.